தென்னந்தோப்பில் கப் கேடட் 100: பன்னிரண்டு வருட அனுபவம்

கதவு வாங்கப் போன இடத்தில் கிடைத்த, புல் வெட்டும் குட்டி டிராக்டர் இது. 2013 தை மாதம், குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட் பங்களாவை இடிக்கப் போகிறார்கள், தேக்குக் கதவு, நிலையெல்லாம் மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று மாமா சொன்னார். போய்ப் பார்த்தால் நல்ல கதவுகள் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டன. திரும்பும்போது மாட்டுக் கொட்டகையின் பின்னால் தார்ப்பாயைப் போட்டு மூடிய ஏதோ ஒன்று தெரிந்தது. தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் உடம்பு, வெள்ளைச் சக்கரம், துருவுக்கு நடுவே 'இன்டர்நேஷனல்' என்ற எழுத்து.

அந்த எழுத்துதான் என்னை நிறுத்தியது. எங்கள் அப்புச்சியிடம் சிவப்பு இன்டர்நேஷனல் பி-275 இருந்தது. மஹிந்திராவும் அமெரிக்க இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் 1963ல் கைகோத்துக் கொண்டுவந்த டிராக்டர் அது. சின்ன வயதில் அதன் மட்கார்டில் உட்கார்ந்துதான் நான் உழவு பார்த்தேன். அதே கம்பெனியின் பெயரை இடுப்பளவே உயரமுள்ள ஒரு வண்டியில் பார்த்ததும் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. வண்டி 28,000 ரூபாய், டெம்போ வாடகை தனி. நான்கு பேர் பலகை போட்டு உருட்டி ஏற்றினோம்.

வீட்டில் இறக்கியதும் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து பார்த்தார். "ஏனுங்க தம்பி, இது கொழந்தைங்க ஓட்டறதுங்களா?" என்று கேட்டார். இல்லீங்கண்ணா, புல் வெட்டறதுங்க என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இப்போது அவர் தோப்புக்கும் இதே வண்டிதான் புல் வெட்டுகிறது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 'கப் கேடட்' என்ற பெயரில் முதல் வண்டியை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961ல் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஊருக்கு வெளியே பெரிய புல்வெளியோடு வீடு கட்டிப் போனவர்களுக்காக வந்த சிறு டிராக்டர். என்னுடையது 1963ல் அறிமுகமான 100 என்ற மாடல். கோலர் கம்பெனியின் கே241 எஞ்சின்: ஒற்றை சிலிண்டர், பெட்ரோல், 10 ஹெச்.பி., சுமார் 390 சிசி. எஞ்சினிலிருந்து கியர்பாக்ஸுக்கு பெல்ட் கிடையாது. கிளட்ச், நீளமான ஷாஃப்ட், பிறகு இரும்புப் பல்சக்கரம். மூன்று முன் கியர், ஒரு ரிவர்ஸ். பின்பக்க கியர்பாக்ஸின் பல பாகங்கள் ஃபார்மால் கப் என்ற நிஜமான உழவு டிராக்டரிலிருந்து எடுத்தவை. புல் வெட்டும் வண்டிக்கு இத்தனை கனமான கியர்பாக்ஸ் தேவையே இல்லை. ஆனால் அறுபது வருடம் கழித்தும் அது ஓடுவதற்குக் காரணம் அந்தத் தேவையில்லாத கனம்தான். கியர்பாக்ஸை நான் இதுவரை பிரித்ததே இல்லை. ஆயில் மாற்றியதோடு சரி.

எஞ்சின் கதை வேறு. பிஸ்டன் பிடித்துப்போயிருந்தது. டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒரு வாரம் ஊறப்போட்டு, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி இறக்கினோம். சிலிண்டர் சுவரில் துருக்குழி. ரீபோர் அடிக்க, அதாவது சிலிண்டரை உள்ளே கடைந்து சீராக்க, ஒரு பட்டறையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். பிஸ்டன் கைக்கு வரும்வரை போர் அடிக்காதீர்கள் என்று சொல்லியும், கண் மதிப்பில் அடித்துவிட்டார்கள். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு. பிறகு கைக்கு வந்த பிஸ்டன் உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட முடியவில்லை. இந்த பிளாக் போனால் நம் ஊரில் இன்னொன்று கிடைக்காது.

காப்பாற்றியது கோவை கணபதியில் இருக்கும் இன்னொரு லேத் பட்டறை. அங்கிருக்கும் பெரியவர் பம்பு செட்டுக்கு லைனர் (சிலிண்டருக்குள் இறக்கும் புதுக்குழல்) போட்டே நாற்பது வருடம் ஓட்டியவர். பிளாக்கை வாங்கி, போர் கேஜை உள்ளே விட்டு நான்கு இடத்தில் அளந்து பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார். "போனது போகட்டும் கண்ணு. லைனர் எறக்கீரலாம்" என்றார். வார்ப்பிரும்பு லைனரைக் கடைந்து அழுத்தி இறக்கி, பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த பிஸ்டனுக்கு ஏற்றபடி போர் அடித்தார். கடைசியாக ஹோன் ஓட்டிவிட்டு என் விரலைப் பிடித்து உள்ளே தடவச் சொன்னார். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடு, விரலில் லேசாகச் சொரசொரத்தது. "இந்தக் கோட்டுலதான் ஆயில் நிக்கும்" என்றார். பன்னிரண்டு வருடமாகிறது. இன்னும் புகை தள்ளவில்லை.

பீளமேடு, கணபதி, ஆவாரம்பாளையம் என்று கோவையைச் சுற்றி இருக்கும் வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் நமக்கு எவ்வளவு பெரிய சொத்து என்பதை இந்த வண்டியால்தான் உணர்ந்தேன். வேறு ஊரில் இருந்திருந்தால் இதை எடைக்குத்தான் போட்டிருப்பேன். எஞ்சின் விசையைக் கத்திக்கு அனுப்பும் முன்பக்க பி.டி.ஓ. கிளட்சில் ஒரு சின்னப் பொத்தான் தேய்ந்துவிட்டது. பித்தளையில் கடைந்து வாங்க ஒரு மணி நேரம் ஆனது. இதில் ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒரே பொருள். அதை காயில் கட்டும் கடையில் கொடுத்து ஆர்மேச்சர் சுற்றி வாங்கினேன். இக்னிஷன் காயிலும் கண்டென்சரும் அம்பாசடர் காருடையவை. வண்டிக்கு மாட்டும் வி-பெல்ட் மாவுமில்லுக்கு வாங்குகிற கடையிலேயே கிடைக்கிறது.

சரி, வேலை எப்படிச் செய்கிறது? பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் நடுவே எங்களுக்கு ஆறு ஏக்கர் தோப்பு. தென்னைக்குத் தென்னை 25 அடி. ஒவ்வொரு மரத்தையும் சுற்றி, மரத்திலிருந்து ஆறடிக்கு வட்டப்பாத்தி, அதற்குள் சொட்டுநீர்க் குழாய். அப்படியானால் இரண்டு பாத்திகளுக்கு நடுவே மிஞ்சுவது 13 அடி. என் வண்டியின் கத்தித் தட்டு 42 அங்குலம், அதாவது மூன்றரை அடி. நான்கு ஓட்டில் ஒரு சால் முடிந்துவிடும். பெரிய டிராக்டரில் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் விட்டால் வேகமாக முடியும்தான். ஆனால் மேல்மண்ணில் ஓடும் தென்னை வேரையும் சேர்த்து அறுத்துவிடும், திரும்புகிற இடத்தில் சொட்டுநீர்க் குழாயையும் நசுக்கிவிடும். புல்லை வேரோடு கிளறாமல் மூன்று அங்குல உயரத்தில் வெட்டி அங்கேயே போட்டால் அது மண்ணைக் காக்கும் மூடாக்கு. கோடையில் தோப்புக்குள் வெறுங்காலோடு நடந்து பாருங்கள், வித்தியாசம் பாதத்திலேயே தெரியும்.

ஒரு ஏக்கர் வெட்ட ஒன்றரை மணி நேரம் ஆகிறது. பெட்ரோல் மணிக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாது. செலவு என்று பார்த்தால் இது சிக்கனமான வண்டி இல்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஆனியிலிருந்து மார்கழி வரை மாதம் ஒரு தரம், அப்புறம் தண்ணீர் பாயும் இடத்தில் மட்டும். முதல் ஓட்டுக்கு முன்னால் ஆள் விட்டு மட்டை, பாளை, குரும்பை, நெத்துக்காய் எல்லாம் பொறுக்கிவிட வேண்டும். ஒரு தடவை புல்லுக்குள் மறைந்திருந்த காய் கத்தியில் பட்டு, கத்தி சுழலும் ஸ்பிண்டில் வளைந்துவிட்டது. கத்தியைத் தீட்டினால் ஆணியில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் கனமான பக்கத்தை இன்னும் கொஞ்சம் அரைக்க வேண்டும். கத்தி விரிசல் விட்டால் வெல்டிங் வைக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடுங்கள். அது தெறித்தால் காலோடு போகும்.

இன்னொரு விஷயம். இன்றைய வண்டிகளில் சீட்டை விட்டு எழுந்தால் எஞ்சின் நின்றுவிடும். இதில் அது கிடையாது. காயிலுக்குப் போகும் வயரில் ஒரு சுவிட்சைப் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்தேன். செலவு 150 ரூபாய். பழைய புல்வெட்டி வண்டி வாங்கும் யாராக இருந்தாலும் பெயின்ட்டுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

கே241 எஞ்சினுக்கு ஆயில் பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் ஒரு கரண்டி போன்ற நீட்டல், அது ஆயிலை அள்ளி வீசும். ராடு அலுமினியம், தனி பேரிங் செல்லும் இல்லை. ஆயில் குறைந்தால் ராடு பிடித்து, முறிந்து, பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஓட்டுவதற்கு முன்னால் டிப்ஸ்டிக் பார்க்கிறேன். வரப்புச் சரிவில் நீண்ட நேரம் சாய்த்து ஓட்டுவதில்லை. ஆயில் எஸ்.ஏ.இ. 30, 25 மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன்.

இப்போதைய பெரிய தலைவலி பெட்ரோல். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து பழைய ரப்பர் குழாய் ஊதி மெத்தென்றாகிவிடுகிறது, கார்புரேட்டரில் ஈரம் நிற்கிறது. குழாயை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினேன். வேலை முடிந்ததும் டேங்கின் பெட்ரோல் திருகை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுகிறேன். கார்புரேட்டர் காய்ந்து கிடந்தால் அடுத்த மாதம் ஒரே சுவிட்சில் எடுக்கும். எடுக்கும்போது கேட்க வேண்டும். சாதாரண ஸ்டார்ட்டர் போல 'கிர்க்' என்று கடிக்காது. ஸ்டார்ட்டர் பெல்ட் முதலில் மெதுவாக இழுக்கும், எஞ்சின் ஒரு மூச்சு வாங்கும், அப்புறம் 'டொக் டொக் டொக்' என்று பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்காகவே சில நாள் காலையில் கொட்டகைப் பக்கம் போயிருக்கிறேன்.

ஒன்று வந்தபிறகு ஒன்றோடு நிற்கவில்லை. 2017ல் உக்கடம் பழைய இரும்புக் கடையில் ஜான் டியர் 110 ஒன்றின் கூடு கிடைத்தது. இதுவும் 1963ல் அறிமுகமான மாடல்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்க கியரோடு சேர்த்து விரிந்து சுருங்கும் புல்லியும் பெல்ட்டும் வைத்தார்கள். சமதளத்தில் ஓட்ட சுகமானது. ஆனால் எஞ்சின் இல்லாத கூட்டை வாங்கியது தப்பு. வேறு எஞ்சின் வைத்து ஓட்டுகிறேன், மனசு ஒட்டவில்லை. அதனால் சொல்கிறேன்: பெயின்ட் போயிருக்கலாம், டயர் வெடித்திருக்கலாம், சீட் இல்லாமல் இருக்கலாம். எஞ்சின் பிளாக்கும் கியர்பாக்ஸும் அசலாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். மோர் மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. போல்ட்டெல்லாம் அங்குல அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு முனை மழுங்கடிக்காதீர்கள், 7/16, 1/2, 9/16 மூன்றும் இருந்தால் பாதி வண்டியைக் கழட்டிவிடலாம்.

பாத்தி கொத்தவும் டிரெய்லர் இழுக்கவும் 18.5 ஹெச்.பி. மிட்சுபிஷி சக்தி சிறு டிராக்டர் இருக்கிறது. தோப்புக்கு அது சம்பளக்காரன் மாதிரி, குறை சொல்ல எதுவுமில்லை.

பழைய வண்டியை வாங்கி, பளபளவென்று பெயின்ட் அடித்து, போர்டிகோவில் நிறுத்துபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஓடாத எஞ்சின் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துவிடும். என் வண்டி குன்னூரில் செத்தது வேலை செய்து இல்லை, தார்ப்பாய்க்கு அடியில் சும்மா கிடந்துதான்.

சும்மா கிடந்தால் இன்னொன்றும் நடக்கும். காற்றில் குளிரும் எஞ்சின் இது. சிலிண்டரைச் சுற்றித் தகட்டு மூடி. நம் தோப்பு அணில்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. தேங்காய் நாரைக் கொண்டுவந்து பின்னல் பின்னலாக அடைத்துவிடும். காற்று போகாமல் எஞ்சின் கொதித்துப் பிடித்துவிடும். பத்து நாளுக்கு மேல் நிறுத்தியிருந்தால் மூடியைக் கழட்டிப் பார்க்காமல் சுவிட்ச் போடுவதில்லை.

போன வாரம் அப்படித்தான் கழட்டினேன். பந்து மாதிரி நார்க்கூடு. பிய்க்கப் போன கை நின்றுவிட்டது. உள்ளே கண் திறக்காத மூன்று குட்டிகள், கட்டைவிரல் அளவுதான். மூடியைப் பழையபடி பொருத்தி, இரண்டு போல்ட்டை மட்டும் கையால் திருகிவைத்து, பேட்டரி வயரைக் கழட்டிவிட்டேன். புல் முழங்காலுக்கு வளர்ந்து கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தினமும் கேட்கிறார், எப்ப வண்டி எடுக்கறீங்க என்று. குட்டிகள் வெளியே ஓடட்டும், அப்புறம் எடுக்கலாம்னு சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஸ்பிண்டில் பேரிங் மாற்ற கத்தித் தட்டு கணபதிக்குப் போயிருக்கிறது.