பி.எச்.கியூ-9: ஒன்பது கேள்வித் தாளை ஆய்வுக்கு எடுத்துப்போகும் முன்

மனநல ஆய்வு என்று இறங்கும் முதுகலை மாணவர் முதல் பெரிய மானியம் வாங்கிய குழு வரை, பையில் முதலில் போட்டுக்கொள்வது மனச்சோர்வை அளக்கும் இந்தத் தாளைத்தான். ஒன்பது கேள்வி, ஒரே பக்கம், காசு கிடையாது. அச்சடிக்கவோ மொழிபெயர்க்கவோ யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் குரோன்கே ஆகியோர் உருவாக்கினார்கள். பணம் தந்தது பைசர் மருந்து நிறுவனம். (மனச்சோர்வுக்கு மாத்திரை விற்ற நிறுவனமே அதைக் கண்டுபிடிக்கும் தாளுக்கும் செலவு செய்தது என்பதை ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். அதற்காகத் தாள் கெட்டது என்று ஆகிவிடாது.)

இங்கே மருத்துவரின் மேசையைப் பற்றிப் பேசவில்லை. வறுமை, வேலை, தனிமை, குடும்பம் இவற்றோடு மனநலத்தைச் சேர்த்து ஆராய்பவர்களுக்கு இந்தத் தாள் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதுதான் பேச்சு.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்கிறது. நாட்டமின்மை, மனம் சோர்ந்து போதல், தூக்கம், களைப்பு, பசி, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், கவனக் குறைவு, அசைவும் பேச்சும் மந்தமாதல் அல்லது நிலைகொள்ளாமல் தவித்தல், சாவைப் பற்றிய எண்ணம் என்று ஒன்பது. அறவே இல்லை என்றால் 0, சில நாட்கள் 1, பாதிக்கும் மேற்பட்ட நாட்கள் 2, கிட்டத்தட்ட தினமும் 3. ஆக மொத்தம் 27. ஐந்தில் லேசானது, 10-ல் மிதமானது, 15-ல் ஓரளவு கடுமையானது, 20-ல் கடுமையானது தொடங்குகிறது. 2001-ல் வெளியான முதல் சோதனையில் 580 பேரை மனநல வல்லுநர்கள் தனியே பேட்டி கண்டு ஒப்பிட்டார்கள். 10-ஐக் கோடாக (அதைத் தொட்டவருக்கு மனச்சோர்வு நோய் என்று) வைத்தபோது, நோய் உள்ள நூறு பேரில் 88 பேரைத் தாள் பிடித்தது. நோய் இல்லாத நூறு பேரில் 88 பேரைச் சரியாக விட்டுவிட்டது. ஒரு பக்கத் தாளுக்கு இது நல்ல மதிப்பெண்.

இனி கோளாறுகள். எளிதில் சரிசெய்யக் கூடியவற்றிலிருந்து தொடங்கலாம்.

தாளின் அடியில் பத்தாவதாக ஒரு கேள்வி உண்டு: இந்தத் தொல்லைகளால் வேலையும் வீடும் பிறரோடு பழகுவதும் எவ்வளவு கடினமாயின? இதை மொத்தத்தில் கூட்டக் கூடாது. கூட்டினால் உச்சம் 30 ஆகிவிடும். அட்டவணையில் 28, 29 தென்பட்டால் தவறு இங்கேதான். இதைவிட மோசமானது இணையப் படிவத்தில் நடக்கும். விடைகள் 0-3 என்று வராமல் 1-4 என்று பதிவாகிவிடும். அப்படியானால் எந்தத் தொல்லையும் இல்லாதவருக்கே 9 கிடைக்கும். ஒரே ஒரு கேள்விக்குச் ‘சில நாட்கள்’ சொன்னாலே 10, கோட்டைத் தொட்டாயிற்று. மாதிரியில் முக்கால்வாசிப் பேருக்கு மனச்சோர்வு என்று கணினி சொன்னால், சமூகத்தைப் பற்றிக் கவலைப்படும் முன் குறைந்தபட்ச மதிப்பெண் என்ன என்று ஒருமுறை பாருங்கள். ஒன்றிரண்டு கேள்விகள் விடுபட்டால், மற்றவற்றின் சராசரியால் நிரப்பலாம். மூன்று விடுபட்டால் அந்தத் தாளுக்கு மொத்தம் போட வேண்டாம்.

மொழி அடுத்தது. இதில்தான் தமிழில் வேலை செய்பவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். ‘எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா?’ என்று வாசித்துக் கேட்கிறோம். ‘இல்ல’ என்று பதில் வருகிறது. நாட்டம் இல்லையா, அந்தத் தொல்லை இல்லையா? பேட்டி எடுப்பவர் தன் ஊகத்தில் ஒரு கட்டத்தை நிரப்பிவிடுவார். மூன்று பேர் பேட்டி எடுத்தால் மூன்று விதமாக நிரம்பும். ஆமா, இல்லை என்று பதில் வரும்படி கேட்காமல், ‘நாட்டமில்லாத நாட்கள் எத்தனை?’ என்று நாளைக் கேட்டுவிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

ஆறாவது கேள்வியில் இன்னொரு பொறி. குடும்பத்தாரின் எதிர்பார்ப்பைக் காப்பாற்ற முடியாமல் போனோமே என்ற எண்ணத்தை அது கேட்கிறது. அகராதி பார்த்து ‘குடும்பத்தாரை ஏமாற்றிவிட்டேன்’ என்று எழுதினால் மோசடி செய்ததாக அர்த்தம்; ‘கைவிட்டுவிட்டேன்’ என்றால் விட்டுவிட்டு ஓடிப்போனதாக அர்த்தம். இரண்டுக்கும் ‘ஐயோ, அப்படியெல்லாம் இல்லை’ என்றுதான் பதில் வரும், மதிப்பெண் பூஜ்யமாகும். ‘என்னால குடும்பத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை’ என்கிற பேச்சுவழக்குதான் மூலத்துக்குக் கிட்டத்தில் நிற்கிறது. இரண்டாவது கேள்வியில் ‘மன அழுத்தம்’ என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. பத்திரிகைத் தமிழில் அது அலுவலகப் பரபரப்பு முதல் மனச்சோர்வு நோய் வரை எல்லாவற்றுக்கும் ஓடுகிறது. கவனத்தைப் பற்றிய ஏழாவது கேள்வியில் எடுத்துக்காட்டாக வரும் செய்தித்தாள் வாசிப்பு, எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பொருந்தாது. அதற்குப் பதில் பிறர் பேசுவதைக் கவனித்துக் கேட்பதைச் சொல்லலாம், ஆனால் அந்த மாற்றத்தை அறிக்கையில் எழுதியாக வேண்டும்.

மொழிபெயர்த்து, வேறொருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்து ஒப்பிடுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அது போதாது. ‘ஏமாற்றிவிட்டேன்’ என்பதைத் திரும்பப் பெயர்ப்பவர் மூல வாக்கியத்தை யூகித்து அழகாகப் பெயர்த்துவிடுவார், பிழை மறைந்துவிடும். எட்டுப் பத்துப் பேரிடம் வாசித்துக் காட்டி, ‘இந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று நினைச்சீங்க?’ என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் பிழையைப் பிடிக்கும்.

நாள் கணக்குக்கு ஒரு சின்ன உபாயம்: 14 கட்டம் போட்ட அட்டையைக் கையில் கொடுங்கள். இன்று செவ்வாய் என்றால், ‘போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாயிலிருந்து’ என்று தொடக்கத்தைச் சொல்லிவிடுங்கள். ‘பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்’ என்பது காதில் விழும்போது பலருக்கு எண்ணாக மாறுவதில்லை; கட்டத்தில் விரல் வைத்தால் மாறிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் பயன்படுத்துபவரின் தவறு. தாளின் சொந்தக் குறை இனிமேல்தான்.

தூக்கம், களைப்பு, பசி, கவனம். இந்த நான்குக்கும் மும்மூன்று என்றால் 12. மனம் சோர்வதும் இல்லை, நாட்டம் குறைவதும் இல்லை என்று முதல் இரண்டுக்கும் பூஜ்யம் போட்ட ஒருவர்கூடக் கோட்டைத் தாண்டிவிடலாம். யார் அப்படித் தாண்டுவார்? இரவுப் பணியில் இருப்பவர், கைக்குழந்தை வைத்திருப்பவர், அரை வயிறு சாப்பிட்டு நாள் முழுக்க உடல் உழைப்பவர். வறுமைக்கும் மனச்சோர்வுக்கும் உறவு இருக்கிறதா என்று பார்க்கப்போன ஆய்வு, பட்டினி கிடந்தால் களைப்பு வரும் என்பதைக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பும். உறவே இல்லை என்று சொல்லவில்லை. இந்த மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதை நிறுவ முடியாது என்கிறோம்.

வழி இருக்கிறது. தாளோடு வரும் இரண்டாவது கணக்கு முறையையும் போட்டுப் பாருங்கள்: குறைந்தது ஐந்து தொல்லைகள் ‘பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்’ இருக்க வேண்டும் (ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் ‘சில நாட்கள்’ போதும்), அவற்றில் ஒன்று முதல் இரண்டு கேள்விகளில் ஒன்றாக இருந்தாக வேண்டும். மேலே சொன்ன 12 மதிப்பெண்காரர் இதில் வெளியே போய்விடுவார். கூடவே 1, 2, 6-ஆம் கேள்விகளின் கூட்டலைத் தனியே எடுத்து, அதற்கும் வருமானத்துக்கும் அதே உறவு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் உடல் களைப்புதான் பேசிக்கொண்டிருக்கிறது. இரு குழுக்களை ஒப்பிடுவதென்றால், ஒரே மொத்தம் எடுத்தவர்கள் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே மாதிரி விடை சொல்கிறார்களா என்ற சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

அடுத்தது பரவல் விகிதம். ‘இத்தனை சதவீதம் பேருக்கு மனச்சோர்வு’ என்று தலைப்புப் போட இந்தத் தாள் ஏற்றதல்ல. ஆயிரம் பேரில் நூறு பேருக்கு உண்மையில் நோய் என்று வையுங்கள். அந்த நூறில் 88 பேர் பிடிபடுவார்கள். மீதி 900-ல் 12 சதவீதம், அதாவது 108 பேர், நோயில்லாமலே பிடிபடுவார்கள். ஆக 196 பேர் கோட்டுக்கு மேலே, அவர்களில் பாதிக்கும் மேல் தவறு. வெறும் கணக்கு மட்டுமல்ல: 44 ஆய்வுகளின் தனிநபர் தரவைச் சேர்த்து 2020-ல் வெளியான பகுப்பாய்வில், இந்தத் தாள் காட்டிய பரவல் சுமார் 25 சதவீதம், முறையான நேர்காணல் காட்டியது சுமார் 12.

ஒன்பதாவது கேள்வியைத் தனியே பார்க்க வேண்டும். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பையும் தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தையும் ஒரே வாக்கியத்தில் கேட்கிறது. சலிப்பில் சொல்பவரும் உண்மையான ஆபத்தில் இருப்பவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள். ஆகவே பூஜ்யத்துக்கு மேல் எந்த விடை வந்தாலும், அங்கேயே, அன்றே, பயிற்சி பெற்ற ஒருவர் தனிமையில் அடுத்த கேள்விகளைக் கேட்க வேண்டும். யாரைக் கூப்பிடுவது, அவர் எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று களத்துக்குப் போகும் முன் தாளில் எழுதியிருக்க வேண்டும். பெயரில்லாத இணையப் படிவத்தில் கேட்டுவிட்டு மூன்று வாரம் கழித்துக் கோப்பைத் திறப்பது ஒழுங்கல்ல. கவனிக்க ஆள் இல்லையென்றால் இந்தக் கேள்வியை நீக்கிய பி.எச்.கியூ-8 இருக்கிறது, 10 என்ற கோடு அதற்கும் பொருந்தும். எட்டாவது கேள்வியிலேயே நிறுத்தி ஒரு நேர்மையான ஆய்வு செய்யலாம்.

சமூகப் பக்கத்துக்கு இந்தத் தாளில் எதுவும் இல்லை, பத்தாவது கேள்வியில் வரும் ஒரு சொல்லைத் தவிர. துணைக்கு வேறு தாள் வேண்டும். உறவின் ஆதரவை அளக்க, குடும்பம், நண்பர், முக்கியமான ஒருவர் என்று நான்கு நான்காக 12 கேள்விகள் கொண்ட சிமெட் குழுவின் அளவுகோல் (1988) பரவலாக ஓடுகிறது. நேரமில்லாவிட்டால் மூன்றே கேள்வியுள்ள ஆஸ்லோ அளவுகோல். 3 முதல் 14 வரை மதிப்பெண். ஆனால் எச்சரிக்கை: மனம் சோர்ந்திருப்பவர் தன் சொந்தக்காரர்களையும் சோர்ந்த கண்ணால்தான் பார்ப்பார். ஒரே ஆளிடம் ஒரே உட்காரலில் இரண்டையும் கேட்டு, இரண்டுக்கும் பலமான உறவு என்று எழுதுவதில் பாதி அந்த மனநிலையின் எதிரொலி. குறைந்தபட்சம் எண்ணக்கூடியதையும் கேளுங்கள்: போன வாரம் எத்தனை பேரோடு பேசினார், அவசரத்துக்குப் பணம் கேட்க எத்தனை பேர்.

ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் லண்டன் கேம்பர்வெல் பெண்களிடம் செய்து 1978-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் இதற்கு அளவுகோல். மனம்விட்டுப் பேச ஆள் இல்லாமை, வீட்டில் 14 வயதுக்குட்பட்ட மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள், வெளிவேலை இல்லாமை, 11 வயதுக்கு முன் தாயை இழந்தது என்று அவர்கள் காட்டிய காரணிகள் நீண்ட பேட்டிகளிலிருந்து வந்தவை. நடந்த சம்பவம் எவ்வளவு கனமானது என்பதை அந்தப் பெண்ணின் சூழ்நிலையை வைத்து ஆய்வுக் குழுவே மதிப்பிட்டது, அவருடைய அப்போதைய மனநிலையை வைத்து அல்ல. அந்த உழைப்பு ஒரு பக்கத் தாளில் கிடைக்காது.

பரவலும் வேண்டும், கைக்காசும் குறைவு என்றால் இரண்டு கட்டமாகப் போகலாம். 600 பேருக்கு இந்தத் தாள். கோட்டுக்கு மேலே 120 பேர் வந்தால் எல்லாரையும் நேர்காணல் செய்யுங்கள். கீழே உள்ள 480-ல் எட்டுக்கு ஒருவராகக் குலுக்கிப் போட்டு 60 பேரையும் செய்யுங்கள். மேலே 54 பேருக்கும் கீழே 2 பேருக்கும் நோய் உறுதியானால், கீழே உள்ள ஒவ்வொருவரும் எட்டுப் பேருக்குச் சமம்: 54-உம் 16-உம் சேர்ந்து 70, அதாவது 11.7 சதவீதம். கீழ்ப்பக்கத்தை விட்டுவிட்டால் 9 என்று வரும். தாளை மட்டும் நம்பினால் 20. நேர்காணல் செய்பவருக்குத் தாளின் மதிப்பெண் தெரியவே கூடாது. இரண்டுக்கும் இடையே சில நாட்களுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். தள்ளிப்போனால் ஒன்று ஒரு இரண்டு வாரத்தைப் பற்றியும் மற்றது வேறொரு இரண்டு வாரத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும்.