அம்மாவின் காலில் பி.ஆர்.எஃப்.: ஆறு முறைக்குப் பிறகு

கூட வேலை பார்க்கும் நண்பர் நேற்று கேட்டார்: "அப்பாவுக்குக் காலில் சர்க்கரைப் புண். பி.ஆர்.எஃப். வைக்கலாம் என்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு எப்படி இருந்தது?" பி.ஆர்.எஃப். என்பது நோயாளியின் ரத்தத்தையே உறையவைத்து எடுத்து, புண்ணில் வைக்கும் ஒரு சிகிச்சை.

அம்மாவுக்கு உள்ளங்காலில், கட்டைவிரலுக்குக் கீழே புண். ஏழு மாதம் கட்டு மாற்றியும் அப்படியே கிடந்தது. அப்புறம்தான் வாரத்துக்கு ஒன்றாக ஆறு முறை வைத்தோம்.

முதல் நாள் நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். கையில் எடுத்த ரத்தத்தில் உறையாமல் இருக்க எந்த மருந்தும் சேர்க்கவில்லை. அப்படியே குழாயோடு மெஷினில் சுற்றி எடுத்தார்கள். அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் நீர், நடுவில் இளநீர் வழுக்கை மாதிரி ஒரு கட்டி. சிஸ்டர் அதை இடுக்கியால் தூக்கி, ஒட்டியிருந்த சிவப்பை வெட்டிவிட்டு, லேசாக அழுத்திப் புண்ணின் குழிக்குள் பதித்தார். அந்தக் கட்டியில் சிக்கியிருக்கும் தட்டணுக்கள்தான் சதை வளரத் தூண்டும் பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுமாம். அம்மாவின் ரத்தமே அம்மாவுக்கு மருந்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் முதல் மூன்று வாரம் வீண். அந்த மூன்று வாரமும் அம்மா எப்படி நடக்கிறார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. சாதா ரப்பர் செருப்பில், அதே புண்ணை ஊன்றி மாடி ஏறிக்கொண்டிருந்தார். மரத்துப்போன கால், வலித்தால்தானே நொண்டுவார்? கட்டைப் பிரித்தால் புண்ணின் ஓரமெல்லாம் வெள்ளையாகக் காய்ப்பு. நான்காம் வாரம் வேறொரு டாக்டர் பார்த்துக் காய்ப்பைச் சீவி, பாரம் புண்ணில் விழாதபடி காலை அணைத்து மாவுக்கட்டு போட்டார். வாரம் ஒருமுறை அதைப் பிரித்து பி.ஆர்.எஃப். வைத்துத் திரும்பக் கட்டினார்கள். ஐந்தாம் வாரமே அடியில் சிவப்பாகப் புதுச் சதை தெரிந்தது. பதினோராம் வாரம் புண் மூடிவிட்டது.

பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரிட்டன், டென்மார்க், ஸ்வீடனில் இதேபோல நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்த வில்லையை வைத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளியானது. 20 வாரத்தில் அது வைத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு ஆறியது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 22 சதவீதம் பேருக்கு. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் வைத்தும் ஆறாதவர்கள்தான் அதிகம்.

நண்பரிடம் "இப்போது வேண்டாம்" என்றுதான் சொன்னேன். முதலில் காலுக்கு ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று டாப்ளர் பார்க்கட்டும், புண்ணிலிருந்து பாரத்தை இறக்கட்டும்.

அம்மா இப்போது வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். எனும் சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்போடுதான் நடக்கிறார். பூஜையறை வாசலில் மட்டும் கழற்றிவிடுகிறார். அந்த நாலு அடிக்கும் எனக்குப் பதைக்கிறது.