கெடில்ஸ்டன் மாளிகை: கர்சன் பிறந்த வீட்டில் ஒரு நாள்

வங்காளத்தைப் பிரித்தவர் என்று பள்ளிப் பாடத்தில் படித்த அளவுக்குத்தான் கர்சனை எனக்குத் தெரியும். இங்கிலாந்தில் டார்பி நகருக்குப் பக்கத்தில் அவர் பிறந்த கெடில்ஸ்டன் மாளிகை இருக்கிறது, பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 1987 முதல் பராமரிக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டாயம் போகலாம். ஆனால் அந்த மனிதரின் அரசியல் கதையைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் பெரிய தூண்களும் ஓவியங்களும் மட்டும்தான் கண்ணில் படும்.

தூண்களும் சாதாரணமானவை இல்லை. 1760களில் கட்டிடக் கலைஞர் ராபர்ட் ஆடம் கைபட்ட மாளிகை இது. நுழைந்தவுடன் வரும் மார்பிள் ஹாலில் பளிங்கு போன்ற அலபாஸ்டர் கல்லில் 20 தூண்கள், அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். இந்த மாளிகையின் அமைப்பைப் பார்த்துத்தான் 1803இல் கல்கத்தாவின் கவர்னர் மாளிகையைக் கட்டி முடித்தார்கள். 1899இல் வைஸ்ராயாகப் போன கர்சன், தான் பிறந்த வீட்டைப் போன்ற இன்னொரு வீட்டில்தான் குடியேறியிருக்கிறார்!

கீழ்த்தளத்தில் இருக்கும் ஆசிய அருங்காட்சியகம்தான் எனக்கு முக்கியம். அவர் பயணங்களில் வாங்கியவை, பரிசாக வந்தவை எல்லாம் அங்கே இருக்கின்றன. 1903 டெல்லி தர்பாரின் நடன விருந்தில் அவர் மனைவி மேரி உடுத்திய மயில் உடையைப் பார்க்காமல் வராதீர்கள். இந்தியக் கைவினைஞர்கள் சரிகையில் தைத்த மயிலிறகுகள், ஒவ்வொரு இறகின் கண்ணிலும் பச்சை நிற வண்டுச் சிறகு. தைத்த விரல்களை நினைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். அந்த விருந்து முடிந்து இரண்டே வருடத்தில், 1905இல், வங்காளத்தை இரண்டாக வெட்டியவரும் இதே கர்சன்தான், அதை மறந்துவிட்டு அந்த உடையை ரசிக்க என்னால் முடியவில்லை.

சரி, அரசியலுக்கு வருகிறேன். ஸ்கார்ஸ்டேல் பிரபுவின் மூத்த மகன் என்பதால், அப்பா இறந்ததும் இவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபைக்குப் போயே ஆக வேண்டும், தேர்தலில் ஜெயித்து வரும் மக்கள் சபையில் இருக்க முடியாது, அன்றைய விதி அப்படி. 1886இல் சவுத்போர்ட் தொகுதியில் ஜெயித்து உள்ளே வந்தவருக்கு இந்தக் கவலை இருந்துகொண்டே இருந்தது. வைஸ்ராய் ஆகும்போது பட்டம் தர வேண்டுமென்றார்கள், 1898இல் அயர்லாந்துப் பிரபுப் பட்டத்தை வாங்கிக்கொண்டார், ஏனென்றால் அந்தப் பட்டம் இருந்தாலும் மக்கள் சபைத் தேர்தலில் நிற்கலாம். இவ்வளவு யோசித்தவர் திரும்பி வந்து 1908இல் பிரபுக்கள் சபைக்கே போய்விட்டார். அங்கிருந்தே வெளியுறவு அமைச்சர் வரைக்கும் வந்தார். 1923இல் பிரதமர் போனர் லா உடல்நிலை காரணமாக விலகினார். அரண்மனையிலிருந்து தந்தி வந்து லண்டனுக்கு ஓடினார் கர்சன், அடுத்த பிரதமர் தான்தான் என்ற நம்பிக்கையோடு. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் மக்கள் சபையில் இருந்த பால்ட்வினைத் தேர்ந்தெடுத்தார். எதிர்க்கட்சியான தொழிற்கட்சிக்குப் பிரபுக்கள் சபையில் ஆளே கிடையாது எனும்போது பிரதமர் அங்கே உட்கார முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். அவர் குணமும் ஒரு காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு முதல் காரணமே போதுமானதாகத் தெரிகிறது, எந்தப் பிரபுக்கள் சபையைத் தள்ளிவைக்க 25 வருடம் முன்பே கணக்குப் போட்டாரோ அதுவே வந்து குறுக்கே நின்றது.

அப்புறம், பக்கத்திலேயே இருக்கும் பழைய தேவாலயத்தை விட்டுவிடாதீர்கள். மேரி 1906இலும் இவர் 1925இலும் இறந்தார்கள். இருவரும் அங்கே வெள்ளைப் பளிங்குச் சிலைகளாக அருகருகே படுத்திருக்கிறார்கள். மூன்று மகள்கள், மகன் இல்லை. அதனால் 1921இல் வாங்கிய மார்க்விஸ் என்ற உயர்ந்த பிரபுப் பட்டம் அவரோடு போயிற்று.

கார் இருந்தால் நல்லது, வாசலில் ரயில் நிலையம் எல்லாம் கிடையாது. வீடு திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள், அரை நாளாவது ஒதுக்குங்கள். நேரம் குறைவு என்றால் மாடி அறைகளை வேகமாகக் கடந்துவிட்டு அருங்காட்சியகத்துக்கு நேரம் கொடுங்கள்.