மூன்று இளநாய்களும் நாளுக்கு ஒன்றரை மணி நேரமும்: எந்த ஏற்பாடு கட்டுப்படியாகும்?

ராஜபாளையம் வட்டாரத்தில் நாய் வளர்ப்பது ஒன்றும் புதுமை இல்லை. காலை எட்டரைக்கு வேலைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்குத் திரும்புகிற ஒருவன் ஒரே நேரத்தில் மூன்று இளநாய்களை வளர்க்கத் துணிந்ததுதான் யோசிக்காமல் செய்த காரியம். எங்கள் வீட்டில் எட்டு மாதமான சிப்பிப்பாறை இன நாய்கள் இரண்டும் பத்து மாதமான ராஜபாளையம் இன நாய் ஒன்றும் இருக்கின்றன. சிப்பிப்பாறைகள் ஒரே ஈற்றுக் குட்டிகள். ஆணின் பெயர் வீரன், பெண்ணின் பெயர் செல்லி. ராஜபாளையத்தின் நிறத்தைப் பார்த்தால் வேறென்ன பெயர் தோன்றும்? அவன் வெள்ளையன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் அரை மணி நேரம், ஆக நாளொன்றுக்கு 90 நிமிடம்தான் இவற்றுக்கு ஒதுக்க முடிகிறது. கடந்த ஐந்து மாதங்களில் அந்த 90 நிமிடத்தைச் செலவிடும் வழியைப் பலமுறை மாற்றிப் பார்த்ததில், எது எதற்கு உதவும், எது நேரத்தை மட்டும் தின்னும் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

ஒப்பிடுவதற்கு முன் இரண்டு தேவைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாயின் உடலைக் களைக்க வைப்பது ஒன்று. கூப்பிட்டால் வரவும், சொன்னால் நிற்கவும், வார் பிடித்தால் இழுக்காமல் நடக்கவும் பழக்குவது மற்றொன்று. முன்னதை மூன்று நாய்களுக்கும் சேர்த்துச் செய்துவிடலாம். பின்னதைச் சேர்த்துச் செய்ய முடியாது என்பதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

முதலில் கைக்கொண்ட வழி, மூன்றையும் ஒன்றாக நடக்கக் கூட்டிச் செல்வது. கணக்குப்படி இதைவிடச் சிக்கனமான வழி இல்லை: கண்மாய்க் கரைவரை போய்த் திரும்ப 40 நிமிடம், மூன்று நாய்களுக்கும் அன்றைய நடை முடிந்துவிடும். நடைமுறையில் அது நடையாகவே இருக்கவில்லை. சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் இனம். தொலைவில் ஒரு பூனை அசைந்தாலே வீரன் பாய்வான், அவன் பாய்ந்தது எதற்கென்று தெரியாமலே செல்லி பாய்வாள், எதிர்ப்பக்கம் வெள்ளையன் இழுப்பான், மூன்று வார்களும் என் முழங்காலைச் சுற்றிப் பின்னிக்கொள்ளும். தெருமுனையில் நிற்கும் நாய்கள் ஒற்றை நாயைக் கண்டால் குரைத்துவிட்டு விலகிவிடும். மூன்றைக் கண்டால் அவையும் கூட்டம் சேர்த்துக்கொண்டு வரும்.

அதைவிடப் பெரிய குறை மெதுவாகத்தான் தெரிந்தது. ஒன்றாகவே நடந்து, ஒன்றாகவே உண்டு, ஒன்றாகவே உறங்கும் உடன்பிறந்த குட்டிகள் மனிதனை விட்டுவிட்டு ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளப் பழகிவிடுகின்றன. நான் கூப்பிட்டால் செல்லி முதலில் வீரன் முகத்தைப் பார்ப்பாள். அவன் வந்தால்தான் அவள் வருவாள். இதற்குச் சிலர் தனியாக ஒரு நோய்ப் பெயரே சூட்டிவிடுகிறார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. இரண்டு நாய்க்கும் சேர்த்து ஒரே நேரத்தைச் செலவிட்டதற்கான வட்டி அது, அவ்வளவுதான்.

வெள்ளையன் விஷயம் இதைவிடத் தீவிரமானது. கும்பலாக இருக்கும்போது கூப்பிட்டால் அவன் தவறாமல் வருவான். மூன்றில் இவனே சமர்த்து என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். முதன்முதலாகத் தனியே அழைத்துச் சென்ற அன்று, பின்னாலிருந்து கூப்பிட்டபோது அவன் திரும்பினான், ஆனால் நான் நின்ற திசைக்கு இல்லை. மறுபடி கூப்பிட்டேன், வேறொரு பக்கம் பார்த்தான். வெண்ணிற ராஜபாளையங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை இருப்பது இந்த ஊரில் எல்லோரும் அறிந்த செய்திதான். இரண்டு காதும் கேட்காத குட்டியை எளிதில் கண்டுபிடித்துவிடலாம், ஒரு காது மட்டும் கேட்காத குட்டியைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு காது மட்டும் கேட்கும் நாய்க்கு ஓசை கேட்கும், அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. சோதித்துப் பார்த்த கால்நடை மருத்துவரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். பல மாதங்களாக அவன் என் குரலுக்கு வரவில்லை, மற்ற இரண்டும் ஓடுவதைப் பார்த்துக் கூடவே ஓடி வந்திருக்கிறான். சேர்த்துப் பழக்கும் முறைக்கு எதிராக இதைவிட வலுவான சாட்சி எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

இரண்டாவது வழி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அழைத்துச் செல்வது. பலனைப் பொறுத்தவரை இதற்கு ஈடில்லை: பத்தே நாளில் வீரன் வாரை இழுப்பதைக் குறைத்தான், செல்லி அண்ணன் முகத்தைத் தேடாமல் என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள். ஆனால் ஆளுக்கு 25 நிமிடம் என்றாலே 75 நிமிடம். ஒன்றைக் கட்டிவிட்டு இன்னொன்றை அவிழ்க்கும் நேரத்தையும் சேர்த்தால் 85. நாள் முழுவதற்குமான ஒதுக்கீடு அத்துடன் தீர்ந்துவிடும். காலை ஒரு மணி நேரத்துக்குள் அது அடங்காது என்பதால் மூன்றாவது நாயின் முறை மாலைக்குத் தள்ளிப் போகும், மாலையில் வேலை நீண்டால் அதுவும் போய்விடும். கோடையில் இன்னொரு தடை: சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை ஆறரைக்கும் தார்ச்சாலை சூடு தணிந்திருக்காது. புறங்கையைச் சாலையில் வைத்து ஐந்தாறு விநாடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. ஆக, இது சிறந்த முறை, ஆனால் தினசரி முறை இல்லை.

மூன்றாவது வழிதான் எங்கள் நாளைக் காப்பாற்றியது. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் சித்தப்பாவின் மாந்தோப்பு இருக்கிறது, சுற்றிலும் கம்பிவேலி. அங்கே அவிழ்த்துவிட்டால், வாரில் கட்டி ஒரு மணி நேரம் நடத்தினாலும் தீராத துடிப்பு இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. கண்ணால் வேட்டையாடும் நாயினங்களின் உடல்வாகு அப்படி: நெடுந்தொலைவு சீராக ஓடுவதற்காக உருவானவை அல்ல அவை, சில நிமிடம் வெறிபிடித்தாற்போல் பாய்ந்துவிட்டு நிழலில் விழுந்துகிடக்கும். வளரும் வயதில் இப்படித் தம் விருப்பத்துக்கு மண்தரையில் ஓடுவதும், வேண்டும்போது நிறுத்திக்கொள்வதும் எலும்புக்கும் பாதுகாப்பு. எங்கள் ஊரில் பரவலாகக் காணப்படும் இன்னொரு வழக்கமான, பைக்கோடு சங்கிலியைப் பிணைத்து நாயை ஓட்டுவதை, நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. இத்தகைய உயரமான இனங்களில் கால் எலும்புகளின் முனையில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீண்டு வளரும் குருத்தெலும்புப் பகுதிகள்) மூடுவதற்கு ஒரு வயதும் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் வண்டியின் வேகத்துக்கு, நிற்க வழியில்லாமல் தார்ச்சாலையில் ஓடவைப்பது மூட்டுகளைக் கெடுக்கும் வேலை.

தோப்புக்கும் விலை உண்டு. கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு ஒன்று அங்கே இருக்கிறது. அதைச் சுற்றி முள்படல் கட்டிய பிறகுதான் வார்களை அவிழ்த்தேன். சருகுக்குள் கண்ணாடி விரியன் கிடக்கும் என்பதால் விடிந்து வெளிச்சம் வந்த பிறகே உள்ளே போகிறோம். மயில்கள் வேலிக்கு மேலாக வந்து இறங்குகின்றன. மயில் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ள பறவை, நாய் அதைக் கடித்துவிட்டால் ‘நாய்க்குத் தெரியாது’ என்ற சமாதானம் எடுபடாது. முயல் வேட்டைக்கென்றே இந்த நாய்களை வளர்த்த காலம் ஒன்று இருந்தது. இன்று அதுவும் சட்டப்படி குற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, தோப்பு எதையும் கற்றுத்தருவதில்லை. அதனால் அங்கேயும் ஒவ்வொரு நாளும் ஒரு நாயின் கழுத்துப்பட்டையில் மட்டும் பத்து மீட்டர் கயிறு கட்டித் தரையில் இழுபட விட்டிருக்கிறேன். அன்றைக்குக் கூப்பிட்டு வரப் பழகுவது அதன் முறை.

நான்காவது வழி பணம். வீட்டுக்கே வரும் பயிற்சியாளர் மூன்று நாய்க்கும் சேர்த்துக் கேட்ட மாதக் கட்டணம் எங்கள் வீட்டு வாடகையைத் தாண்டியது. ஒரு மாதம் அங்கேயே தங்கவைத்துப் பழக்கித் தரும் இடம் ஒன்றில் வீரனை மட்டும் விட்டுப் பார்த்தோம். திரும்பி வந்தவன் அந்தப் பயிற்சியாளர் சொன்னால் கல்லாய் உட்கார்ந்தான், நான் சொன்னால் வாலை ஆட்டினான். கழுத்தில் இறுக்குச் சங்கிலி உராய்ந்து முடி உதிர்ந்த வளையம் ஒன்றும் இருந்தது. பணம் கொடுத்தால் நாய்க்குப் பயிற்சி கிடைக்கலாம். நாயோடு பேசும் பயிற்சி எனக்குக் கிடைப்பதில்லை. வாரம் ஒருமுறை வந்து, நாயை விட்டுவிட்டு எனக்குச் சொல்லித்தரும் ஆள் அமைந்தால் அதற்குக் கொடுக்கத் தயங்கமாட்டேன்.

எவ்வளவு பயிற்சி போதும் என்ற கேள்விக்கு டென்மார்க் ஆய்வுகள் எனக்குப் பெரிய ஆறுதலைத் தந்தன. 2008இல் வெளிவந்த ஆய்வில் 18 பீகிள் நாய்களில் ஒரு பகுதிக்கு வாரம் ஒருமுறையும் மறு பகுதிக்கு வாரம் ஐந்து முறையும் ஒரே பாடத்தைக் கற்பித்தார்கள். வாரம் ஒருமுறை கற்றவை குறைந்த எண்ணிக்கையிலான அமர்வுகளில் கற்றுக்கொண்டன. 2011இல் 44 பீகிள்களைக் கொண்டு செய்த ஆய்வில், தினமும் கற்றவற்றைவிட வாரம் ஒன்றிரண்டு முறை கற்றவையும், நீண்ட அமர்வில் கற்றவற்றைவிடக் குறுகிய அமர்வில் கற்றவையும் முந்தின. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது எல்லாக் குழுக்களும் பாடத்தை நினைவில் வைத்திருந்தன. அமர்வுகள் குறைந்தாலும் நாட்காட்டியில் வாரங்கள் கூடும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் மூன்று நாய்களை முறைவைத்துப் பழக்குகிற என்னைப் போன்றவனுக்கு, செல்லிக்கு இன்று பாடம் இல்லை என்பது குற்றவுணர்வு கொள்ள வேண்டிய செய்தி இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது.

எனவே மாலை அரை மணி நேரத்தைச் சாப்பாட்டோடு இணைத்துவிட்டோம். ஐந்தாவது வழியான, வீட்டார் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வதும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஒரு நாயின் கிண்ணம் என் கையில் இருக்கும் ஏழெட்டு நிமிடத்தில் அதற்கு உட்காரல், காத்திருத்தல், வருதல் ஆகிய மூன்றும் பிடிபிடியாகச் சோற்றைக் கொடுத்தே பழக்கப்படுகின்றன. மற்ற இரண்டும் அந்நேரம் தத்தம் இடத்தில் கட்டுண்டு, கத்தாமல் காத்திருக்கக் கற்கின்றன. தொடக்கத்தில் இது குழப்பத்தில்தான் முடிந்தது: நான் ‘இரு’ என்பேன், மனைவி ‘உட்காரு’ என்பாள், மகன் ‘சிட்’ என்பான். வெள்ளையனுக்காகக் கைச்சைகைக்கு மாறியபோது இந்தச் சிக்கலும் சேர்ந்தே தீர்ந்தது. உள்ளங்கை மேல்நோக்கி உயர்ந்தால் உட்கார வேண்டும் என்பது இப்போது மூன்றுக்கும், வீட்டில் மூவருக்கும், பொது.

இன்றைய ஏற்பாடு இப்படி நிற்கிறது: வாரத்தில் நான்கு காலை தோப்பு, போக வர நடையையும் சேர்த்து 40 நிமிடம். அந்தப் பத்து நிமிட நடையில் மகன் ஒரு நாயைப் பிடித்துக்கொள்வதால் என் கையில் இரண்டுதான். மீதி மூன்று காலைகளில் நாளுக்கு ஒரு நாய்க்குத் தனி நடை; அன்றைக்குத் தனியே போகாதவற்றை மனைவி பின்கொல்லையில் அவிழ்த்துவிட்டுப் பந்து எறிகிறாள். ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டுப் பயிற்சி. இதில் ஒரு பொத்தல் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. செல்லிக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது, முதல் பருவம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். வந்தால் ஏறத்தாழ மூன்று வாரம் அவளை அண்ணனோடும் வெள்ளையனோடும் தோப்பில் விட முடியாது, வேலியைத் தாண்டி ஊர்நாய்களும் வந்துவிடும். கருத்தடை அறுவைக்கு எந்த மாதம் தோதானது என்று மருத்துவரிடம் கேட்டிருக்கிறோம். அதுவரைக்கும் காலை நேரத்தை எப்படி இரண்டாகப் பிளப்பது என்று மகன் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான்.