கலாமா, பிளம்மா, ஷுல்லா, ஹேன்ஸா: ரங்கூன் பிள்ளைங்களுக்கு யாரு பேச்சைப் போடலாம்?

ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு முடிஞ்சதும் பெரிய பிள்ளைங்களை உக்கார வச்சு ஒரு நல்ல பேச்சு போட்டுக் காட்டலாம்னு ஆரம்பிச்சது இது. பசங்களே கேட்டது விமானம், போர், விமானிங்க. சும்மா "முடியும் முடியும்"னு கத்துற பேச்சு வேணாம், நெசமாவே வானத்துல பறந்தவங்க, போர்ல அடிபட்டவங்க, பழைய வீரர்களை மதிச்சுப் பேசுறவங்க பேச்சா வேணும்னாங்க. நானும் தேடித் தேடிப் பாத்து கடைசியில நாலு பேருல வந்து நின்னேன்: நம்ம அப்துல் கலாம், அப்புறம் அமெரிக்க விமானிங்க சார்லி பிளம், பிரையன் ஷுல், அல் ஹேன்ஸ். நாலு பேருமே பெரியவங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா நம்ம பிள்ளைங்களுக்கு எது போய்ச் சேரும்ங்கறது வேற கேள்வி.

முதல்ல ஷுல். பசங்களுக்குப் பிடிக்கணும்னா இவருதான், கண்ணை மூடிட்டுப் போடலாம். வியட்நாம் போர் சமயத்துல இவரோட விமானம் காட்டுக்குள்ள விழுந்து தீப்பிடிச்சு உடம்பெல்லாம் வெந்துபோச்சு, பிழைக்கவே மாட்டாருன்னு நினைச்சாங்க, 15 ஆபரேஷன், ஒரு வருஷம் ஆஸ்பத்திரி, அதுக்கப்புறமும் திரும்பி வந்து கடைசியில எஸ்ஆர்-71 பிளாக்பேர்டுங்கற அதிவேக உளவு விமானத்தையே ஓட்டினாரு. அவரோட ரொம்பப் பிரபலமான கதை ஒண்ணு இருக்கு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பறக்கும்போது செஸ்னாங்கற சின்ன விமானத்தை ஓட்டுற ஒருத்தர் தரைக் கட்டுப்பாட்டுக்காரங்ககிட்ட ரேடியோவுல தன்னோட வேகம் என்னன்னு கேக்குறாரு, 90 நாட்னு (விமான வேகத்தைச் சொல்ற அளவு) பதில் வருது, அடுத்தவரு 125, அப்புறம் கடற்படை எஃப்-18 போர் விமானம் ஒண்ணு பந்தாவா கேட்டு 620 வாங்குது, கடைசியா பிளாக்பேர்டோட பின்சீட்டுல இருந்த வால்ட்டர் வாட்சன் அமைதியா கேக்க, 1,842 நாட்னு பதில் வருது. மணிக்கு 3,400 கிலோமீட்டர் பக்கம். ஹாலே கைதட்டும். ஆனா கைதட்டு முடிஞ்சதும் பிள்ளைங்க கையில மிஞ்சுறது என்னன்னு நான் யோசிச்சுப் பாத்தேன், அந்த விமானம் மிஞ்சுது, அவ்வளவுதான். தீக்காயத்துலேர்ந்து எழுந்து வந்த பகுதிதான் நெசமான சாரம், அதைத் தனியா எடுத்துப் போட்டா போதும். 2023 மே மாசம் ஒரு ராணுவ ஆதரவு நிகழ்ச்சியில பேசி முடிச்ச கொஞ்ச நேரத்துல மயங்கி விழுந்து இறந்துட்டாரு. கடைசி வரைக்கும் வீரர்களுக்காகவே பேசின மனுஷன்.

பிளம் வேற ரகம். எஃப்-4 ஃபாண்டம் போர் விமானம் ஓட்டினவரு, வியட்நாம் போர்ல கிட்டி ஹாக்ங்கற விமானந்தாங்கிக் கப்பல்லேர்ந்து கிளம்பி 74 தடவை போய்த் திரும்பி வந்தாரு, 75-வது தடவை, 1967 மே 19, சுட்டு வீழ்த்தப்பட்டாரு, அதுவும் ஊருக்குத் திரும்ப அஞ்சே நாள் இருக்கும்போது. வடக்கு வியட்நாம்ல 2,103 நாள் சிறை. எட்டடிக்கு எட்டடி அறை. அந்தக் கைதிங்க சுவத்துல தட்டித் தட்டியே பேசிக்கிட்டாங்க, எழுத்துக்களை அஞ்சுக்கு அஞ்சு கட்டமா போட்டு முதல்ல வரிசை, அப்புறம் இடம்னு தட்டுவாங்க, தனியா அடைபட்டவன் பைத்தியமாகாம இருந்ததுக்கு அந்தத் தட்டல்தான் காரணம். இந்தப் பகுதி போட்டா பசங்க மேசையில தட்டிப் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க, எங்க வகுப்புல அப்படித்தான் ஆச்சு.

ஆனா அவரோட உயிர்நாடி பாராசூட் கதைதான். விடுதலையாகி வருஷக்கணக்கா ஆனப்புறம் ஒரு ஓட்டல்ல முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் வந்து, நீங்கதானே பிளம், உங்க பாராசூட்டை மடிச்சு வச்சவன் நான்தான்னு சொல்றாரு. அன்னிக்கு ராத்திரி பிளம்முக்குத் தூக்கமே வரல. கப்பல்ல எத்தனை தடவை அந்த ஆளைத் தாண்டிப் போயிருப்போம், ஒரு வணக்கம் சொல்லியிருப்போமா, நான் விமானி அவன் வெறும் மாலுமின்னு நினைச்சிருப்போமேன்னு புரண்டு புரண்டு படுத்தேன்னு சொல்லுவாரு. வீரர்களுக்கு மரியாதை பண்ற பேச்சு ஆயிரம் இருக்கு, பதக்கம் வாங்கினவரை மேடையேத்தி எல்லாரும் எழுந்து நிக்கிற பேச்சு. கப்பலோட அடித்தட்டுல துணி மடிச்சவனைத் தேடிப் போற பேச்சு ரொம்பக் கம்மி.

இங்க ஒரு விஷயம் சொல்லியாகணும். அமெரிக்க மேடையில பேசுறவங்க நடுவுல நிறுத்தி, இங்க இருக்கிற முன்னாள் வீரர்கள் எழுந்து நில்லுங்கன்னு கேப்பாங்க, நல்ல பழக்கம்தான். நம்ம ஹால்ல கேட்டா யாரு எழுந்து நிப்பாங்க? நம்ம தாத்தாக்கள்ல வெள்ளைக்காரன் பட்டாளத்துல இருந்தவங்க உண்டு, 1944 ஜனவரியில ரங்கூனுக்குத் தலைமையகம் வந்த நேதாஜி படையில சேந்தவங்க உண்டு, மலாயாவுலேர்ந்து சயாம் ரயில் பாதை போடக் கூட்டிட்டு வரப்பட்டு திரும்பிப் போகாதவங்க உண்டு. அந்த ரயில் பாதையோட பர்மா முனையில இருக்குற தன்பியுசயாட் போர்க் கல்லறையில காமன்வெல்த் வீரர்களுக்கு 3,000-க்கு மேல கல் இருக்கு, கூலியா வந்து செத்த தமிழனுக்கு அங்க அப்படி ஒரு வரிசை கிடையாது. 1941 டிசம்பர் 23-ம் தேதி ரங்கூன் மேல குண்டு விழுந்தப்ப துறைமுகத்துல மூட்டை தூக்கிட்டிருந்தவங்க யாரு? பெரும்பாலும் நம்ம இந்தியக் கூலிங்கதான். அதுக்கப்புறம் சுமார் 5 லட்சம் இந்தியர்கள் ஊரை விட்டுக் கிளம்பினாங்க, பாதிப் பேருக்கு மேல நடந்தே. பிளம் பேச்சு முடிஞ்சதும் ஒரு பையன் என்கிட்ட, "அண்ணே, எங்க பூட்டன் துறைமுகத்துல மூட்டை தூக்கினவருன்னு பாட்டி சொல்லும், அவரும் இந்தக் கணக்குல வருவாரா?"ன்னு கேட்டான். வருவாருடா தம்பின்னேன். இந்தக் கேள்வியை ஷுல் பேச்சு கேக்க வைக்காது, பிளம் கேக்க வச்சாரு.

கலாமைப் பத்தி நான் புதுசா என்ன சொல்ல. தமிழ்லயே பேசினவரு, பிள்ளைங்களுக்கு மொழிபெயர்ப்பே வேணாம், அதுலயே பாதி ஜெயிச்சாச்சு. விமானி ஆகணும்னு விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போய் 25 பேருல ஒன்பதாவதா வந்து, எட்டே இடம் இருந்ததால வெளிய நின்னவரு, 2006 ஜூன்ல 74 வயசுல சுகோய்-30 போர் விமானத்துல ஏறிப் பறந்தாரு, இந்தக் கதையைக் கேட்டு மனசு நிறையாத பிள்ளை இருக்காது. அதே வருஷம் மார்ச்ல நம்ம ரங்கூனுக்கும் வந்தாரு, கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபர் சமாதியில மரியாதை செலுத்தினாரு. நேதாஜி மரியாதை பண்ணின அதே சமாதி. பிள்ளைங்க பஸ்ல தாண்டிப் போற இடம், ஆனா கலாம் வந்து நின்ன இடம்னு சொன்னா கண்ணு விரியும்.

ஆனா அவர் பேச்சுகள்ல எதைப் போடணும்னு பாத்து எடுக்கணும். கனவு காணுங்கங்கற பகுதியை எல்லாரும் ஆயிரம் தடவை கேட்டாச்சு, சுவத்துல எழுதி எழுதியே அதோட சூடு குறைஞ்சு போச்சு. 1979 ஆகஸ்ட் 10 எஸ்எல்வி-3 ராக்கெட் கடல்ல விழுந்த கதையைப் போடுங்க. கம்ப்யூட்டர் நிறுத்துன்னு சொல்லியும் ஏவச் சொன்னது இவருதான், ஆனா பத்திரிகைக்காரங்க முன்னாடி போய் உக்காந்து பழியை ஏத்துக்கிட்டது இஸ்ரோ தலைவரா இருந்த சதீஷ் தவான். அடுத்த வருஷம் ஜூலை 18 வெற்றி வந்தப்ப, நீ போய்ப் பேசுன்னு கலாமை அனுப்பி வச்சாரு தவான். பிளம்மோட பாராசூட் கதையும் இதுவும் ஒரே ரத்தம். இதை மேலதிகாரி பக்கத்துலேர்ந்து பாத்தா தவான், கீழ வேலை செஞ்சவன் பக்கத்துலேர்ந்து பாத்தா பாராசூட் மடிச்சவரு. ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டா பிள்ளைங்களே பிடிச்சுக்குவாங்க.

இப்ப ஹேன்ஸ். இவரைப் பத்தி நம்ம ஊர்ல கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாது, ஆனா என் மனசு இவருகிட்டதான் நிக்குது. இளவயசுல அமெரிக்க மரைன் படையில விமானி, அப்புறம் யுனைடெட் விமானக் கம்பெனியில கேப்டன். 1989 ஜூலை 19, டென்வர்லேர்ந்து சிகாகோ போற டிசி-10 பயணி விமானம், உள்ள 296 பேரு. வால் பக்கத்து எஞ்சின் வெடிச்சுச் சிதறி மூணு ஹைட்ராலிக் சிஸ்டமும் போயிடுச்சு, அதாவது விமானத்தைத் திருப்ப ஏத்த இறக்க எதுவுமே வேலை செய்யாது, மிச்சம் இருந்த ரெண்டு எஞ்சினோட வேகத்தைக் கூட்டிக் குறைச்சே முக்கால் மணி நேரம் ஓட்டினாங்க, அதுக்குக் கை கொடுத்தவரு பயணியா வந்த டெனி ஃபிட்ச், அவரும் டிசி-10 பயிற்சி கொடுக்குறவரு. சூ சிட்டிங்கற ஊர்ல மூடிக் கிடந்த ஓடுபாதையில மோதி உடைஞ்சது. 184 பேரு பிழைச்சாங்க, 112 பேரு போயிட்டாங்க.

1991 மே மாசம் நாசாவோட டிரைடன் விமான ஆராய்ச்சி மையத்துல அவர் பேசின வீடியோ இருக்கு, அதைத் தேடி எடுங்க. குரல் ஏத்தம் கிடையாது, பின்னணி இசை கிடையாது, கணக்கு வாத்தியார் பாடம் எடுக்குற மாதிரி அஞ்சு விஷயம் சொல்றாரு: அதிர்ஷ்டம், தகவல் பேச்சு, முன்தயாரிப்பு, செயல், ஒத்துழைப்பு. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருத்தர் முதல் இடத்தை அதிர்ஷ்டத்துக்குக் கொடுத்து நான் வேற எங்கயும் பாத்ததில்ல. பகல் வெளிச்சம் இருந்தது, வானம் நல்லா இருந்தது, ஆஸ்பத்திரியில அப்பதான் ஷிஃப்ட் மாறுற நேரம்ங்கறதால ரெண்டு மடங்கு டாக்டருங்க இருந்தாங்க, அந்த ஊர் தேசிய காவல்படை விமானப் பிரிவு அன்னிக்கு டூட்டியில இருந்தது. ரெண்டு வருஷம் முன்னாடியே அந்த ஊருக்காரங்க இப்படி ஒரு விமானம் விழுந்தா என்ன பண்றதுன்னு ஒத்திகை பாத்து வச்சிருந்தாங்க. ஒவ்வொருத்தர் பங்கையும் சொல்லிச் சொல்லி கடைசியில தனக்குன்னு மிச்சமே வைக்க மாட்டாரு. போன 112 பேரையும் ஒளிச்சு வச்சுப் பேசல. 2019-ல இறக்குற வரைக்கும் இந்தக் கதையை ஊர் ஊரா சொல்லிட்டுப் போனாரு, அதுக்குள்ள நாசாக்காரங்க எஞ்சினை மட்டுமே வச்சு விமானத்தை இறக்குற முறையை ஆராய்ச்சி பண்ணி 1995-ல எம்டி-11 பெரிய விமானம் ஒண்ணை அப்படியே இறக்கியும் காட்டிட்டாங்க.

ஜெயிச்சவன் மட்டும்தான் உழைச்சவன்னு பிள்ளைங்க மனசுல ஏத்துறது எனக்கு ஆகாது. நர்கிஸ் புயல் வந்த 2008-லயும் சரி, போன வருஷங்கள்லயும் சரி, ஒழுங்கா உழைச்ச குடும்பங்க ஒண்ணும் இல்லாம நின்னதை நம்ம பிள்ளைங்க பாத்தும் கேட்டும் இருக்காங்க. அவங்களுக்கு ஹேன்ஸ் பேசுறது பொய்யில்லாத பேச்சு.

என் வரிசை: பெரிய பிள்ளைங்களுக்கு ஹேன்ஸ் முதல்ல, அப்புறம் பிளம். பத்து பன்னண்டு வயசுக்கு கலாம், தவான் கதையோட. ஷுல்லை ஒரு கால் மணி நேரம், தீக்காயப் பகுதி மட்டும்.

இந்த நாலு பேருமே சொல்லாத கதை ஒண்ணு நம்ம மண்ணுல இருக்கு, அதை நாமதான் எழுந்து சொல்லணும். 1942 பிப்ரவரியில தௌங்கூ விமானத்தளத்துல இந்திய விமானப்படையோட முதலாம் ஸ்குவாட்ரன் வந்து இறங்கிச்சு, தலைவர் மஜும்தார். கையில இருந்தது லைசாண்டர், மெதுவாப் பறக்குற வேவு விமானம், சண்டைக்குன்னு செஞ்சதே இல்ல. ஜப்பான்காரன் குண்டு போட்டுட்டுப் போனதும் அந்த லைசாண்டர்லயே 250 பவுண்டு குண்டைத் தொங்கவிட்டு எல்லை தாண்டிப் போய் அவன் தளத்தையே அடிச்சிட்டு வந்தாரு மஜும்தார். அந்த விமானங்களைப் பறக்க வச்ச தரைப்பணி ஆட்களுக்குத் தலைவரா இருந்தவரு ஹர்ஜிந்தர் சிங், இன்ஜினியரிங் படிச்சிட்டும் 'ஹவாய் சிப்பாய்'ங்கற விமானப்படையோட கடைநிலைச் சிப்பாயா சேந்தவரு, பின்னாடி ஏர் வைஸ் மார்ஷல் வரைக்கும் உயர்ந்தாரு. டவுக்யான் போர்க் கல்லறையில 6,374 கல்லறை, கல்லறையே கிடைக்காத கிட்டத்தட்ட 27,000 பேரோட பேரு தூண்கள்ல செதுக்கியிருக்கு, மெட்ராஸ் பட்டாளத்துக்காரங்க பேரும் அதுல உண்டு. ரங்கூன்லேர்ந்து ப்ரோம் ரோட்டுல ஒரு காலை நேரம் போதும். ஹேன்ஸ் பேச்சைப் போட்ட அடுத்த வாரம் பிள்ளைங்களை அங்க கூட்டிட்டுப் போங்க, நோட்டுப் புத்தகம் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, தமிழ்ப் பேருங்களைத் தேடி ஆளுக்குப் பத்து எழுதட்டும். வெயில் ஏறுறதுக்குள்ள போயிடணும், அங்க நிழல் கம்மி, தண்ணி நீங்களே கொண்டு போங்க.