சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரே பகலில் காரில்: பல வருட அனுபவம்

மனைவியின் ஊர் தூத்துக்குடி, நாங்கள் இருப்பது மேடவாக்கம். பொங்கல், கோடை விடுமுறை, கல்யாணம், காதுகுத்து என்று வருடத்துக்குச் சில தடவையாவது இந்தச் சாலையில் போய்வருகிறோம். பெரும்பாலும் நான்தான் ஓட்டுவேன். வண்டி ஒரு பழைய டீசல் ஸ்விஃப்ட். காரில் போகலாமா, எத்தனை மணி நேரம் ஆகும், எங்கே சாப்பிடுவது என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. நீங்கள் தனி ஆள், முத்துநகர் எக்ஸ்பிரஸில் படுக்கை கிடைக்கிறது என்றால் காரை எடுக்காதீர்கள். சாயங்காலம் எழும்பூரில் ஏறிப் படுத்தால் காலையில் தூத்துக்குடி. நாலு பேர், பெட்டிகள், முழங்கால் வலியோடு ஒரு பெரியவர், அங்கே போய் திருச்செந்தூர் போகவும் வண்டி வேண்டும் என்றால்தான் கார் கட்டுப்படியாகும்.

தூரம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர். சென்னை–திருச்சி 330, திருச்சி–மதுரை 135, மதுரை–தூத்துக்குடி 140 என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். மேப்பில் பார்த்தால் ஒன்பது மணி நேரம், பத்து மணி நேரம் என்று காட்டும். அது பொய்யில்லை, ஆனால் விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புகிறவருக்குத்தான் அது உண்மை. ஏழு மணிக்குக் கிளம்பினால் அதே சாலை வேறு சாலை. இந்தப் பயணத்தில் திட்டம் என்று ஒன்று இருந்தால் அது கிளம்பும் நேரம்தான். மற்றதெல்லாம் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் நாலு மணி? பெருங்களத்தூரில் தொடங்கி வண்டலூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர் வரை காலை ஆறரைக்கு மேல் ஷிப்ட் பஸ்களும் கல்லூரி பஸ்களும் இறங்கிவிடும். தெற்கிலிருந்து வருகிற ஆம்னி பஸ்களும் அந்த நேரத்தில்தான் எதிர்ப்பக்கம் வரிசைகட்டும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு பெருங்களத்தூர் கூட்டத்தில் பாதி அங்கே நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து மணிக்குப் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் இருந்தால் அன்றைய நாள் உங்கள் கையில்.

நகரத்தின் எந்த மூலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும். ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்கள் நகருக்குள் வரவே வேண்டாம், அவுட்டர் ரிங் ரோடு நேராக வண்டலூரில் கொண்டுவந்து விடும். ஓஎம்ஆர் என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் இருப்பவர்களுக்குத் திருப்போரூர்–செங்கல்பட்டு சாலை இருக்கிறது. பெருங்களத்தூர், வண்டலூர் வழியாகப் போகும் ஜிஎஸ்டி சாலையின் மோசமான பகுதி முழுவதும் தப்பும். ஆனால் காட்டு வழி, வெளிச்சம் குறைவு, நாலு மணி இருட்டில் மாடு படுத்திருக்கும். நிதானமாக ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும் போகலாம்.

செங்கல்பட்டு தாண்டியதும் ஓட்டுகிறவருக்குத் தூக்கம் கண்ணைக் கட்டும். அதற்காகவே முளைத்தது போல மதுராந்தகம், அச்சிறுபாக்கம், திண்டிவனம் வரை ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகள். பித்தளை டபராவில் கொடுப்பார்கள். எல்லாக் கடையும் ஒன்றுபோல இருக்காது. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: வாசலில் உள்ளூர் ஆட்கள் பைக்கை நிறுத்தியிருக்கிறார்களா என்று. வெளியூர்க் கார்கள் மட்டும் நிற்கிற கடையில் டபரா பளபளக்கும், காபி தண்ணியாக இருக்கும். கோடையில் இந்தப் பகுதியில் நுங்கும் திண்டிவனம் தர்பூசணியும் குவிந்திருக்கும். போகும்போது வாங்காதீர்கள், வண்டி முழுக்கச் சாறாகும். திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம்.

விக்கிரவாண்டி, விழுப்புரம் பைபாஸ், உளுந்தூர்பேட்டை. இந்த இடைவெளியில் காலை டிபன் முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஏழு மணிக்குள் வந்துவிட்டால் முதல் ஈடு இட்லி. பஸ்கள் நிற்கிற பெரிய மோட்டல்களைத் தவிர்க்கிறோம். ஒருமுறை அப்படி ஓர் இடத்தில் நாலு பூரிக்கும் ஆறிப்போன கிழங்குக்கும் கொடுத்த பில்லை என் மாமனார் இன்றும் பர்ஸில் வைத்திருக்கிறார், கல்யாண வீட்டில் எடுத்துக் காட்டுவார். கழிப்பறைக்கும் அங்கே போகவேண்டியதில்லை. பெண்களோடு போகிறவர்கள் புதிதாகக் கட்டிய பெட்ரோல் பங்குகளைப் பாருங்கள். டீசல் போடாவிட்டாலும் கேட்டால் சாவி கொடுப்பார்கள். என் மனைவி எந்தப் பங்கில் தண்ணீர் வரும், எதில் தாழ்ப்பாள் இல்லை என்று போனில் குறித்தே வைத்திருக்கிறாள். இந்தப் பயணத்தில் உருப்படியான வேலை செய்தவர் யார் என்று கேட்டால் அவளைத்தான் சொல்வேன்.

உளுந்தூர்பேட்டையில் சேலம் போகிற கூட்டம் பிரிந்துவிடும். அதன் பிறகு பெரம்பலூர் வரை சாலை நேராக, அலுப்பாக, வேகமாகப் போகும். எழுத ஒன்றுமில்லை. வேகம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நாலுவழிச் சாலையில் காருக்கு அதிகபட்சம் 100 என்று 2018-ல் மத்திய அரசு நிர்ணயித்தது. ஊர்ப் பகுதிகளில் பலகை அதற்கும் குறைவாகச் சொல்லும். நான் 90-ஐத் தாண்டுவதில்லை. 110-ல் போய்ப் பார்த்திருக்கிறேன். தூத்துக்குடியில் இருபது நிமிடம் முன்னால் இறங்கினேன், டீசல் முள் மட்டும் கண்ணில் படும்படி கீழே போயிருந்தது. 90-ல் போனால் ஒரு டேங்க் டீசலில் ஊர் போய்ச் சேர்ந்து மிச்சமும் இருக்கும்.

இந்த நேர்ச்சாலையில் பயப்பட வேண்டியது இரண்டுக்கு. ஒன்று, இடது ஓரத்தில் விளக்கே இல்லாமல் நிறுத்திவைத்திருக்கும் லாரி. இன்னொன்று, எதிர்த்திசையில் நம் பக்கமே வருகிற பைக். அடுத்த யூடர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் வயலுக்குப் போகிறவர் என்ன செய்வார்? ஓரமாக எதிரில் வருவார். அவரைத் திட்டிப் பயனில்லை. ஊர்கள் இருக்கும் இடத்தில் இடது லேனை விட்டு விலகி ஓட்டுவதுதான் வழி.

சுங்கச்சாவடிக் கணக்கு எல்லோரும் கேட்பது. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி, எலியார்பத்தி, புதூர்பாண்டியாபுரம் என்று ஒரு வழிக்குப் பத்துச் சாவடிகள். 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் கார்களுக்கு வருடாந்திர ஃபாஸ்டாக் பாஸ் வந்தது: அப்போது 3,000 ரூபாய், 200 தடவை அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. ஒரு சாவடியைத் தாண்டினால் ஒரு தடவை. ஊருக்குப் போய்வந்தால் இருபது கழியும். வருடத்துக்கு இரண்டு முறைக்கு மேல் போகிறவர்கள் யோசிக்காமல் எடுக்கலாம். மாநில அரசின் சாலைகளில், உதாரணத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரில், இந்தப் பாஸ் செல்லாது. அதனால் ஃபாஸ்டாக் கணக்கிலும் கொஞ்சம் பணம் இருக்கட்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் கணக்கு முடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 2025 நவம்பர் 15 முதல் செல்லுபடியாகும் ஃபாஸ்டாக் இல்லாவிட்டால் ரொக்கத்துக்கு இரட்டைக் கட்டணம், யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு என்று விதி வந்தது.

ஒரு சாவடியில் எனக்கு ஒரே கட்டணத்தை இரண்டு தடவை பிடித்துவிட்டார்கள். அங்கேயே இறங்கிச் சண்டை போடாமல் வங்கியின் செயலியில் புகார் பதிந்தேன், பணம் திரும்பி வந்தது. வண்டி பழுதானாலோ சாலையில் ஏதாவது கிடந்தாலோ 1033-ஐ அழைக்கலாம். நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் அது.

ஒன்பது, ஒன்பதரைக்குச் சமயபுரம். கொள்ளிடம் பாலத்தில் ஏறினால் மலைக்கோட்டை தெரியும், பிள்ளைகள் எழுந்துகொள்ளும் இடம். திருச்சிக்குள் போகாதீர்கள். ‘கொஞ்சம் ஸ்ரீரங்கம் பார்த்துவிட்டு’ என்று யாராவது வண்டிக்குள் ஆரம்பித்தால், அன்றைக்கு இரவு மதுரையில் ரூம் போடத் தயாராக இருங்கள். விராலிமலை வேறு விஷயம். சாலையை ஒட்டியே மலை, மேலே முருகன். காலை வேளையில் அடிவாரத்தில் மயில் நடமாடும். அரை மணி நேரத்தில் கை கால் நீட்டிவிட்டுக் கிளம்பலாம். ஓட்டுகிறவர் மாறுவதற்கும் சரியான இடம் அதுதான், பாதித் தூரம் தாண்டிவிட்டோம்.

துவரங்குறிச்சியில் மேப் உங்களை நத்தம் பக்கம் திருப்பப் பார்க்கும். மதுரைக்குள் போகிறவர்களுக்கு அந்தச் சாலை அருமை, 2023-ல் திறந்த நத்தம் சாலைப் பறக்கும் பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அது இறக்கிவிடுவது தல்லாகுளத்தில், ஊரின் நடுவில். தூத்துக்குடிக்குப் போகிறவர் மேலூர் வழியாகவே போய், ஒத்தக்கடை தாண்டி ரிங் ரோடு பிடிப்பதுதான் சரி. பாண்டிகோயில் சந்திப்பிலும் விரகனூர் ரவுண்டானாவிலும் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும். பதினொன்றரைக்குள் அந்த ரவுண்டானாவைத் தாண்டினால் மதியச் சாப்பாடு மாமியார் வீட்டில். தாண்டாவிட்டால் மதுரை ஓரத்திலேயே சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் சீட்டைச் சாய்த்துத் தூங்குங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கடைசி 140 கிலோமீட்டர். மதுரை வரை எட்டு மணி நேரம் ஓட்டியவருக்கு இதுதான் ஆபத்தான பகுதி. காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் என்று கரிசல் காடு விரியும். நிழல் கிடையாது, வளைவு கிடையாது, வண்டிகள் குறைவு, கடைகள் அதைவிடக் குறைவு. தெற்கே போகிறோம் என்பதால் மதியத்துக்கு மேல் வெயில் வலப்பக்கக் கண்ணாடி வழியாக ஓட்டுகிறவர் கையிலேயே அடிக்கும். ஏசி ஓடினாலும் அந்தக் கை மட்டும் சுடும். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து முழங்கையில் போட்டுக்கொள்வது என் பழக்கம், பார்க்கிறவர்கள் சிரிக்கட்டும்.

துறைமுகம் இருப்பதால் கன்டெய்னர் லாரிகள் நிறைய. காற்றாலை இறக்கைகளை ஏற்றிவரும் டிரெய்லர் முன்னால் போனால் பொறுமைதான் மருந்து. அது திரும்பும்போது வால் பக்கம் எங்கே வரும் என்று அதை ஓட்டுகிறவருக்கும் அவருடைய ஆட்களுக்கும்தான் தெரியும். இரவில் இந்தப் பகுதியில் ஓட்டுவதை நான் விட்டுவிட்டேன். சென்டர் மீடியனில் செடி இருக்கிற இடத்தில் எதிர் வண்டியின் வெளிச்சம் தெரியாது, செடி காய்ந்துபோன இடத்தில் நேராகக் கண்ணில் அடிக்கும். இந்தச் செடி விஷயம் கோர்ட் வரைக்கும் போனது. சாலையைச் சரியாகப் பராமரிக்கும்வரை எலியார்பத்தியிலும் புதூர்பாண்டியாபுரத்திலும் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2025 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டது. பிறகு அது மேல்முறையீட்டுக்குப் போய்விட்டது.

எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வண்டியில் இருந்தால் நிறுத்தலாம். நாங்கள் அங்கே வரும் நேரத்துக்குச் சரியாக மாமனார் போன் வந்துவிடும். “மாப்ள, எட்டயபுரம் தாண்டிட்டியளா? சோத்த வடிச்சிரலாமா?” அதற்கு மேல் யாருக்குப் பாரதி?

சிலர் கேட்கிறார்கள்: இரண்டுமே கடற்கரை ஊர், கடலோரமாகவே போனால் என்ன? மேலே சொன்ன வழியில் கிளம்பும் ஊரிலும் போய்ச் சேரும் ஊரிலும்தான் கடல், நடுவில் எங்கேயும் கண்ணில் படாது, உண்மைதான். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம், ராமநாதபுரம், சாயல்குடி என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் ஊருக்கு ஊர் வேகத்தடை, இருவழிச் சாலை, தேர், ஊர்வலம். ஒரே நாளில் அதை முடிக்க நினைப்பது உடம்புக்குச் செய்கிற துரோகம். வேளாங்கண்ணியில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போனால் நல்ல பயணம். அதிலும் கடல் அடிக்கடி தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். தெரிவது பெரும்பாலும் உப்பளமும் கருவேலமும்தான்.

நவம்பர், டிசம்பரில் போவதாக இருந்தால் முந்தின நாள் இரவு செய்தி பாருங்கள். 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு விழுப்புரம் அருகே அரசூரில் வெள்ளம் சாலையிலேயே ஏறிச் சென்னை–திருச்சிப் போக்குவரத்து நின்றது. அதற்கு முந்தின வருடம் டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி மாவட்டமே தண்ணீரில் கிடந்தது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மேப் இதையெல்லாம் தாமதமாகத்தான் சொல்லும். போகிற ஊரில் இருப்பவரிடம் ஒரு போன் போட்டுக் கேட்பதே நம்பகம்.

திரும்பும் பயணத்துக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள். ஞாயிறு மாலை செங்கல்பட்டிலிருந்து பெருங்களத்தூர் வரை தென்மாவட்டம் முழுக்க உங்களோடு வரும். காலையில் மதுரையைத் தாண்டிச் சேமித்த நேரம் எல்லாம் பரனூர் சாவடியில் கரைந்துபோகும். ஒரு நாள் லீவு போட முடிந்தால் திங்கட்கிழமை விடிகாலை நாலு மணிக்குத் தூத்துக்குடியிலிருந்து கிளம்புங்கள். மக்ரூனை மட்டும் முந்தின சாயங்காலமே வாங்கிவிட வேண்டும், அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும்தான், ஈரம் பட்டால் நமுத்துவிடும். டிக்கியில் மீன் பெட்டி பக்கத்தில் வைக்காமல் பின்சீட்டில் வையுங்கள். விராலிமலை வருவதற்குள் பிள்ளைகள் பாதியைக் காலி செய்துவிடுவார்கள் என்பதால் கால் கிலோ கூடுதலாக வாங்குவது உத்தமம்.