சாவியைத் திருப்பினால் டிக் டிக் சத்தம் மட்டும்: ஜம்ப்பா, சார்ஜரா, புது பேட்டரியா?

பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய சின்ன காரில், காலையில் சாவியைத் திருப்பினால் வேகமாக டிக் டிக் டிக் என்று மட்டும் கேட்கிறது, விளக்கும் மங்குகிறது. பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை என்று அர்த்தம். உடனே புது பேட்டரி வாங்க ஓட வேண்டாம். டெர்மினல்களை, அதாவது பேட்டரியில் கேபிள் மாட்டும் முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஜம்ப் ஸ்டார்ட், அதாவது இன்னொரு வண்டியின் நல்ல பேட்டரியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்புவது, அவசரத்துக்கு மட்டும்தான். சிவப்பு கேபிள் இரண்டு பாசிட்டிவுக்கும், கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவுக்கும். கறுப்பின் மறுமுனையை இறந்த பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி எஞ்சினின் வெறும் உலோகத்தில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் தீப்பொறி கூடாது. முனை மாறினால் ஆல்டர்னேட்டரும் (ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) எலெக்ட்ரானிக்ஸும் போய்விடும். வண்டி கிளம்பிவிட்டது, சரி. ஆனால் கடைக்குப் போய் வரும் சின்ன ஓட்டத்தில் காலியான பேட்டரி நிறையாது. மறுநாளும் அதே டிக் டிக்தான்.

என் ஓட்டு சார்ஜருக்கு. மெதுவாக ஏற்றுவதுதான் பேட்டரிக்கு நல்லது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட் போதும். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர். முழுக்கக் காலியானது நிறைய 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். இதில் இன்னொரு பெரிய லாபம், பேட்டரியின் உண்மை நிலை தெரிந்துவிடும். சார்ஜ் ஏற்றியபின், காரில் இணைக்காமல் ஒரு இரவு விட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் நின்றால் பேட்டரி பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது, காரில் ஏதோ கரண்டை உறிஞ்சுகிறது என்று தேடலாம். டிக்கி விளக்கு அணையாமல் எரிவதுகூடக் காரணமாக இருக்கும். 12.2க்கு இறங்கினால் ஏற்றியது பாதிதான் மிச்சம். நாள்கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரியில் ஈயத் தகடுகள் மேல் சல்பேட் படிகமாக இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் தங்காது.

அப்போது புது பேட்டரிதான் வழி. ஆனால் ஒரு பழைய வருத்தம் சொல்கிறேன். சோதிக்காமல் புதிதாக மாட்டினேன், ஒரே வாரத்தில் அதுவும் படுத்துவிட்டது. தளர்ந்த ஆல்டர்னேட்டர் பெல்ட்தான் காரணம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13க்குக் கீழே நின்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள், பிறகு ஆல்டர்னேட்டர். வாங்கும்போது பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பழையதோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் கேபிள் எட்டாது. மாட்டியபின் பிடிப்புக் கம்பியை அசையாதபடி இறுக்குங்கள், அதிர்விலேயே உள்தகடுகள் உதிர்ந்துபோகும்.